கல்ஃபுக்கு ஆள் அனுப்பும் தொழிலில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் பக்கம் டிராவல்ஸ் கடை போடும் இளைஞர்கள் திரும்பத் திரும்ப ஒரே குழியில் விழுகிறார்கள். முதலில் டிக்கெட், பிறகு பாஸ்போர்ட் விண்ணப்பம், மூன்றாவது மாதமே "துபாய்க்கு வெல்டர் 10 பேர் வேண்டும்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். போலி விசா அடிப்பவர்களுக்கு இங்கே சொல்ல ஒன்றுமில்லை. நேர்மையாகத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்குத்தான் இது.

அடுத்தவர் ஆர்.சி.யில் ஆள் பிடிப்பது

பார்க்கப் பார்க்க மனம் ஆறாத தவறு இதுதான். 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழ், அதாவது ஆர்.சி., இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. "எர்ணாகுளத்தில் ஆர்.சி. உள்ள ஆபீசுக்குத்தான் ஆள் கொடுக்கிறேன், நான் நடுவில்தானே" என்பார்கள். சப் ஏஜென்ட் என்று ஒருவரை அந்தச் சட்டம் ஏற்கவே இல்லை. வேலைக்கு விளம்பரம் செய்வதே ஆள் எடுப்பதாகத்தான் அதில் கணக்கு. உங்கள் ஸ்டேட்டஸும் விளம்பரம்தான்.

பணம் போகும் வழியைப் பாருங்கள். பையன் வீட்டில் நகையை அடகு வைத்து ஒன்றேகால் லட்சத்தை உங்கள் சொந்த ஜிபேக்கு அனுப்புகிறார்கள். அதில் ஒரு லட்சத்தை ரொக்கமாக எர்ணாகுளத்தில் கொடுக்கிறீர்கள், ரசீது கிடையாது. மெடிக்கலில் பையன் அன்ஃபிட் ஆனாலோ கம்பெனி கைவிரித்தாலோ, வீட்டார் வந்து நிற்பது உங்கள் கடை வாசலில். புகாரோடு இணைப்பது உங்கள் பெயர் தெரியும் ஜிபே ஸ்கிரீன்ஷாட். எர்ணாகுளத்துக்காரர் "அவர் யாரென்றே தெரியாது" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். குடிபெயர்வுச் சட்டம் 24ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. மோசடி என்று பாரதிய நியாய சன்ஹிதா 318(4) சேர்ந்தால் 7 ஆண்டு வரை.

இன்னொன்று: ஆர்.சி. உள்ளவரே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 35,400க்கு மேல் வாங்க முடியாது, ரசீதும் தர வேண்டும். ஒன்றேகால் லட்சம் என்ற தொகையே குற்றத்துக்குச் சாட்சி.

தொழில் வேண்டுமென்றால் ஆர்.சி. எடுங்கள். வங்கி உத்தரவாதம் 50 லட்சம். 100 பேர் வரை மட்டும் அனுப்பும் சிறு ஏஜென்டுக்கு 8 லட்சம். முடியாவிட்டால் டிக்கெட், அட்டெஸ்டேஷன் (சான்றிதழ்களுக்கு அத்தாட்சி வாங்கித் தருவது) இவற்றோடு நில்லுங்கள். அதிலும் பிழைப்பு ஓடும்.

"பத்தாவது பாஸ், ஈ.சி.ஆர். இல்லையே"

பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருப்பவர் சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி, அதாவது கிளியரன்ஸ், வாங்க வேண்டும். பத்தாவது பாஸானவருக்கு அது தேவையில்லை, சரி. உங்களுக்கு ஆர்.சி. தேவையில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. கிளியரன்ஸ் கேட்கும் 18 நாடுகளில் சிங்கப்பூர் இல்லை, போலந்து இல்லை. அங்கே ஆள் எடுக்கவும் ஆர்.சி. வேண்டும். நர்ஸ்களுக்கோ, அந்த 18 நாடுகளுக்குப் போக 2015 முதல் எந்த பாஸ்போர்ட்டாக இருந்தாலும் கிளியரன்ஸ் கட்டாயம்.

விசிட் விசாவில் ஏற்றிவிடுவது

கூடவே கூடாது. அரசின் குடிபெயர்வு இணையதளமான இமைக்ரேட்டில் ஒப்பந்தம் பதிவாகாது, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான 10 லட்ச ரூபாய் பிரவாசி பீமா இன்சூரன்ஸும் இருக்காது.

பாக்கிப் பணத்துக்கு பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது

1967 பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. விசா ஸ்டாம்பிங்குக்கு வாங்கினால் தேதி போட்டுக் கையெழுத்திட்ட சீட்டு கொடுங்கள், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள்.

சம்பளத்தை வாய்வார்த்தையாகச் சொல்வது

"1,500 திர்ஹம்" என்பீர்கள். ஒப்பந்தத்தில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 800, மீதி ஓவர்டைமும் சாப்பாட்டுப் படியும். அமீரகத்தில் வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி பேசிக்கை வைத்துத்தான்: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் பேசிக். ஐந்து ஆண்டு உழைத்துத் திரும்புகிறவருக்கு, 1,500ஐ நம்பி எதிர்பார்த்த கிராஜுவிட்டியில் ஏறக்குறைய பாதி போய்விடும். ஆகவே கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைத் தமிழிலோ மலையாளத்திலோ வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். பேசிக் எவ்வளவு என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லட்டும்.