பழைய செவ்வக வாட்ச் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய செவ்வகக் கைக்கடிகாரங்களைச் சேகரிக்கத் தொடங்குவோர் செய்யும் முதல் தவறு, டயல் பளிச்சென்று இருந்தால் வாட்ச் நல்லது என்று முடிவு கட்டுவது. 1919-இல் விற்பனைக்கு வந்த கார்டியர் டாங்க், 1931-இல் பிறந்த, கூட்டையே புரட்டிப் போடக்கூடிய ரிவர்ஸோ, 1935-இல் அறிமுகமான க்ரூயன் கர்வெக்ஸ் ஆகியவற்றின் காலத்து டயல்களில் வெள்ளிப் பூச்சு மங்குவதும், ஓரங்களில் பழுப்பேறுவதும் வயதின் இயல்பு. எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மாசுமருவற்ற டயல் ஒன்று கிடைக்கிறது என்றால், அது பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்க வேண்டும். அல்லது, பெரும்பாலும் நடப்பதுபோல, சுரண்டிப் பூச்சடித்து, எழுத்துகளைப் புதிதாக அச்சிட்டிருக்க வேண்டும்.

மறு அச்சைக் கண்டுபிடிக்க, எண்களைவிட நிமிடக் கோடுகளை நம்பலாம். நிமிட முள் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 6 பாகை திரும்புகிறது. வட்ட டயலில் அதனால் கோடுகள் சம இடைவெளியில் விழுகின்றன. செவ்வகத்தில் அப்படி விழ முடியாது. மையத்திலிருந்து மூலைக்கு உள்ள தூரம் பக்கத்துக்கு உள்ளதைவிட அதிகம் என்பதால், ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலிருந்து மூலையை நோக்கிப் போகப் போகக் கோடுகளின் இடைவெளி விரிய வேண்டும். 26 மி.மீ. உயரமும் 20 மி.மீ. அகலமும் கொண்ட நிமிடத் தடம் ஒன்றில், 12-க்கு நேரே உள்ள கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1.4 மி.மீ. இருக்கும், அதே பக்கத்தில் மூலையை ஒட்டிய கடைசி இடைவெளி 1.9 மி.மீ. ஆகிவிடும், 3-ஐ ஒட்டியோ 1 மி.மீ. சொச்சம்தான். இந்தக் கணக்கை அறியாமல் எல்லாக் கோடுகளையும் ஒரே இடைவெளியில் போட்டிருந்தால், முள் பல கோடுகளில் சரியாக உட்காராது. லென்ஸ் வைத்து, நிமிட முள்ளை ஒரு மூலைக்குத் திருப்பிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். பழைய டயல் வரைந்தவர்களின் திறமையும் இங்கேதான் இருக்கிறது: ரயில் தண்டவாளம் போன்ற அந்த இரட்டைக்கோட்டுத் தடத்துக்கு வெளியே ரோமன் எண்களை மூலைக்கேற்பச் சாய்த்தும் நீட்டியும் அமைத்து, செவ்வகத்தின் வெற்றிடம் உறுத்தாதபடி நிரப்பியிருப்பார்கள்.

சந்தேகம் மிகுந்துபோவதும் தவறுதான். ரோமன் நான்கை IV என்று போடாமல் நான்கு நேர்கோடுகளாக (IIII) இட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அச்சுப்பிழை, ஆகவே போலி என்று முடிவுகட்டுவோர் உண்டு. கடிகார டயல்களில் அது நெடுநாள் வழக்கம். எதிர்ப்புறத்து எட்டின் கனத்துக்கு அது ஈடுகொடுக்கிறது. அதேபோல, பிற்காலக் கார்டியர் டயல்களில் ரோமன் ஏழின் அல்லது பத்தின் கோட்டுக்குள் நிறுவனப் பெயர் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். 1920-களின் டாங்க் ஒன்றில் அதைத் தேடுவதும், காணவில்லை என்று ஒதுக்குவதும் வீண்.

முட்களைப் பலர் கவனிப்பதே இல்லை. சூடேற்றி நீலமாக்கிய எஃகு முள், சாய்த்துப் பார்க்கும்போது ஒரு கோணத்தில் கறுப்பாகவும் இன்னொரு கோணத்தில் ஒளிரும் நீலமாகவும் தோன்றும். வர்ணம் பூசியது எப்படிச் சாய்த்தாலும் ஒரே நிறம்தான் காட்டும். பின்னாளைய குவார்ட்ஸ் வாட்சுகளில் வர்ணம் பூசிய முட்கள் இருக்கலாம். 1930-களின் வாட்சில் அவை இருந்தால் விலையைக் குறைத்துப் பேச வேண்டும்.

மெஷினைத் திறந்து பார்த்ததும் வேறொரு நிறுவனத்தின் பெயரைக் கண்டு பதறுவதும் அவசரம். ரிவர்ஸோவின் தொடக்ககால வாட்சுகள் தவான் நிறுவனத்தின் மெஷினோடுதான் வந்தன. கார்டியரின் பழைய மெஷின்களின் பின்னணியில் பாரிஸ் கடிகாரக் கலைஞர் எட்மண்ட் ஜேகர் இருந்தார். மாறாக, ஹாமில்டன் 1935-இல் கொண்டுவந்த 982 போன்ற, செவ்வகக் கூட்டுக்கென்றே வடிவமைத்த 19 கல் (உராய்வைக் குறைக்கப் பதிக்கும் சிறு மாணிக்கக் கல்) மெஷின் இருந்த இடத்தில், ஏதோ ஒரு சிறு வட்ட மெஷின் தகட்டு வளையத்தோடு திணிக்கப்பட்டிருந்தால் விலகிவிடுவதே நல்லது.

உலோகத்தில் நேரும் குழப்பம் பணத்தை நேரடியாகக் கரைக்கும். கார்டியர் 1977-இல் கொண்டுவந்த மஸ்ட் வரிசை டாங்குகள் வெள்ளியின் மேல் தங்க முலாம் பூசியவை. அமெரிக்க வாட்சுகள் பலவற்றின் கூடு, மலிவான உலோகத்தின் மேல் தங்கத் தகடு ஒட்டியது. இரண்டுமே வாங்கத் தக்கவைதான் (மஸ்ட் வரிசையின் எண்களே இல்லாத கருஞ்சிவப்பு டயல் என் கண்ணுக்கு மிக அழகு), ஆனால் முழுத் தங்கத்தின் விலைக்கு அல்ல. பின்மூடியின் முத்திரையைப் படித்துவிட்டு, ஸ்ட்ராப் சேரும் முனைகளைப் பார்க்க வேண்டும். முலாம் முதலில் அங்கேதான் தேய்ந்து உள் உலோகம் எட்டிப் பார்க்கும். அந்த முனைகள் உருண்டு வழுவழுப்பாக இருந்தால் பாலிஷ் போட்டுப் போட்டுக் கரைத்திருக்கிறார்கள். டாங்கின் அழகுக்கே காரணமான இரு பக்கப் பட்டைகளின் கூர்மை போய்விட்டால் திரும்ப வராது.

கடைசியாக ஈரம். செவ்வகக் கூட்டின் நேர் விளிம்புகளில், வட்டக் கூட்டின் திருகு மூடியைப் போல இறுக்கமான அடைப்பு அமைவதில்லை. பழையவற்றில் மூடி பெரும்பாலும் வெறுமனே அழுத்தி மூடுவது. கை கழுவும்போதும் கழற்றிவிட வேண்டும். உள்ளே ஆவி படிந்தால் வெயிலில் காயவைக்காமல் அன்றே பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதுடன், டயலை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டும். மேல்பூச்சோடு அச்செழுத்தும் துணியில் வந்துவிடும்.