பைத்தானிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு: சத்தமில்லாமல் காலை வாரும் இடங்கள்

பைத்தான் தெரிந்தவர்கள் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் வந்ததும் மிரளுவது அடைப்புக்குறிகளைப் பார்த்துத்தான். அவை பெரிய தொல்லை இல்லை. ஒன்றை விட்டால் சிவப்பு எழுத்தில் உடனே திட்டு விழும். வாயே திறக்காமல் தப்பு விடை தரும் இடங்கள்தான் ஆபத்து. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) எழுதும் செம்பனைக் குலைக் கணக்கை வைத்தே சோதிப்போம்.

படி 1: ஒரு பக்கம் பைத்தானின் ஐடில், மறு பக்கம் க்ரோமில் எஃப்12 அழுத்தி, ஜாவாஸ்கிரிப்ட்டை வரிவரியாகத் தட்டிப் பார்க்கும் கன்சோல். வரிகளை ஒட்டாமல் தட்டுங்கள். ஒட்டினால் க்ரோம் எச்சரித்துத் தடுக்கலாம்.

படி 2: இரண்டிலும் இதே வரி. எண்கள் ஒவ்வொரு குலையின் எடை, கிலோவில்.

குலை = [9, 18, 12]

தமிழ்ப் பெயரை இரண்டுமே ஏற்கும். கோப்பில் எழுதும்போது மட்டும் ஜாவாஸ்கிரிப்ட்டில் முன்னால் லெட் (let) சேருங்கள்.

படி 3: வரிசைப்படுத்துங்கள். பைத்தானின் சார்டெட் 9, 12, 18 என்று தரும். ஜாவாஸ்கிரிப்ட்டின் சார்ட், அதாவது குலை.sort(), தருவது 12, 18, 9. எண்களை எழுத்துகளாக மாற்றி ஒப்பிடுவதால் 1-இல் தொடங்குவதெல்லாம் 9-க்கு முன்னால் வந்துவிடுகிறது. சார்ட்டின் அடைப்புக்குறிக்குள் இதைப் போட்டால் சரியாகும்:

(அ, ஆ) => அ - ஆ

எல்லாக் குலையும் 10 கிலோவுக்கு மேல், 100-க்குள் இருந்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. அதனால்தான் சோதனையில் ஒரு 9. இன்னொன்று: சார்ட் மூலப் பட்டியலையே மாற்றும், மண்டோர் எழுதிய வரிசை போய்விடும்.

படி 4: தள்ளுவண்டிக்கு 5 குலை வீதம் 39 குலை. 39 // 5 என்றால் பைத்தானில் 7. ஜாவாஸ்கிரிப்ட்டில் 39! அங்கே // குறிப்புரையின் தொடக்கம்; அதற்குப் பின் உள்ளதைக் கணினி படிக்காது. 39 / 5 என்பதை மேத்.ஃப்ளோருக்குள் (Math.floor) கொடுங்கள்.

படி 5: ஞாயிறு 0, திங்கள் 1 என்று வைத்தால், திங்களுக்கு மூன்று நாள் முன் என்ன கிழமை? (1 - 3) % 7 பைத்தானில் 5, அதாவது வெள்ளி. ஜாவாஸ்கிரிப்ட்டில் -2, அப்படி ஒரு கிழமையே கிடையாது. ((1 - 3) % 7 + 7) % 7 என்று எழுதுங்கள்.

2.5-ஐ ரவுண்ட் செய்தால் பைத்தானில் 2, ஜாவாஸ்கிரிப்ட்டில் (Math.round) 3. "9" + 3 பைத்தானில் பிழை, ஜாவாஸ்கிரிப்ட்டில் "93".

படி 6: வெட்டில்லாத நாளுக்குக் குலை = [] என்று வையுங்கள். இஃப் நிபந்தனையில் வெறும் பட்டியலைப் பைத்தான் 'இல்லை' என்று கொள்ளும், ஜாவாஸ்கிரிப்ட் 'உண்டு' என்று கொள்ளும். லெங்த் (குலை.length) 0-வா என்று பாருங்கள். பைத்தானின் லென் போல அதற்கு அடைப்புக்குறி கிடையாது. பழக்கதோஷத்தில் போட்டாலும், நல்லவேளை, சிவப்பு எழுத்து வரும்.