ஒன்றரை லட்சத்துக்குள் நம்பகமான பழைய கார்: முதல்முறை வாங்குபவர்களுக்கு

கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. மழையில் பிள்ளைகளை பைக்கில் வைத்துப் போக மனம் வரவில்லை. அம்மாவை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். கடன் வாங்கவும் விருப்பமில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பணத்தில் நல்ல கார் கிடைக்கும். பொறுமையாகத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: பணத்தைப் பிரித்து வையுங்கள்

ஒன்றரை லட்சம் வைத்திருப்பவர் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மேல் காருக்குக் கொடுக்கக் கூடாது. மீதி நாற்பதாயிரம் பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, முதல் சர்வீஸ் என்று முதல் மாதத்திலேயே போய்விடும். என் முதல் காருக்கு இருந்த பணம் மொத்தத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது வாரம் கிளட்ச் போனது. மாற்றப் பணம் இல்லாமல் இரண்டு மாதம் வண்டி வாசலில் நின்றது, நான் பேருந்தில் வேலைக்குப் போனேன். அந்த இரண்டு மாதமும் அம்மாவை ஆட்டோவில்தான் கூட்டிப் போனேன். அதனால்தான் இதை முதல் படியாக வைக்கிறேன்.

படி 2: எந்தக் கார்?

சின்ன பெட்ரோல் கார். ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10 போன்றவை. இவற்றை எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார், ஸ்பேர் பார்ட்ஸ் தாலுகா ஊரிலும் கிடைக்கும். அதே விலைக்குப் பெரிய செடான் ஒன்று பளபளவென்று நிற்கும். அதைத் தொடாதீர்கள். கார் பழசானால் விலை இறங்கும், அதன் உதிரிபாகங்களின் விலை இறங்காது. பழைய டீசலும் வேண்டாம். இன்ஜெக்டரோ டர்போவோ மக்கர் செய்தால் காரின் விலையில் பாதி அதற்கே போய்விடும்.

வயது முக்கியம். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான மத்திய அரசுக் கட்டணமே 5,000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி. புதுப்பிப்புக்கு முன் டிங்கரிங், பெயிண்ட் என்று தனிச் செலவும் வரும். ஆகவே ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) பதிவு முடியும் தேதியைப் பாருங்கள். குறைந்தது இரண்டு மூன்று வருடம் மிச்சமிருக்கட்டும். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

படி 3: மெக்கானிக்கிடம் இருந்து தொடங்குங்கள்

நம்மில் பலர் காரைப் பார்த்து வைத்துவிட்டு மெக்கானிக்கைத் தேடுகிறோம். முதலில் மெக்கானிக்கைப் பிடியுங்கள். உங்கள் பகுதியில் நல்ல பெயர் எடுத்த ஒர்க்‌ஷாப்புக்குப் போய், "அண்ணே, உங்ககிட்ட சர்வீசுக்கு வர்ற வண்டில யாராவது விக்கிறாங்களா?" என்று கேளுங்கள். அவர் கையில் வளர்ந்த வண்டி என்றால் அதன் ஜாதகமே அவருக்குத் தெரியும். ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர் போன்றவர்கள் ஒரே கையில் வைத்து ஓட்டிய வண்டி கிடைத்தால், மற்றதைவிட இரண்டு வருடம் கூடுதல் பழசாக இருந்தாலும் அதையே எடுங்கள். மாடலைவிட ஓனரைப் பார்த்து வாங்குவதுதான் இந்த விலையில் பாதுகாப்பு.

படி 4: போகும் முன்பே பேப்பரைப் பாருங்கள்

போனிலேயே வண்டி நம்பரைக் கேளுங்கள். மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் எதுவரை, ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். போலீஸ் அபராத பாக்கியையும் இ-சலான் தளத்தில் பார்த்துவிடலாம். நம்பர் தரத் தயங்குபவரிடம் நேரத்தை வீணாக்காதீர்கள்.

கடன் எப்போதோ கட்டி முடித்திருப்பார்கள், ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கும். கடன் பாக்கி இல்லை என்ற வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் ஆர்.டி.ஓ.வில் கொடுத்து அதை நீக்கிய பிறகுதான் பணம். வெளிமாநில நம்பர் மலிவாகத் தெரியும். இங்கே சாலை வரி மறுபடி கட்ட வேண்டும், அந்த அலைச்சல் புதியவருக்கு வேண்டாம்.

படி 5: காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள்

"நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தைய நாளே சொல்லிவையுங்கள். போனதும் பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகாத கோளாறை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம்.

ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் கொழகொழவென்று படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். திரும்பி வந்துவிடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு சைலன்சர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. குளிரில் முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வருவது இயல்பு, சூடான பிறகும் நிற்காமல் வந்தால் வேண்டாம். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருவதை மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். அதற்கு இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும்.

அப்புறம், வெள்ளம். தமிழ்நாட்டில் பழைய கார் வாங்குபவர் மறக்கவே கூடாத சோதனை இது. 2015 டிசம்பரில் சென்னையில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி சென்னையில், அதே மாதம் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. கழுவித் துடைத்தால் வெளியே எதுவும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை, அது நிற்கும் இடம்வரை, இழுங்கள். வழக்கமாக உள்ளேயே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி முழம் பட்டையில் சேற்றுக் கறை கோடு போட்டிருந்தால் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அதுவே சொல்லிவிடும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அதன் குழியில் சேறு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். முன்சீட்டுக்குக் கீழே உள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, கார்ப்பெட்டுக்கு அடியில் மண் நெருடுகிறதா என்று பாருங்கள்.

கூடவே ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி கதவிலும் மட்கார்டிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் நெளிவை மறைக்க பெயிண்டுக்கு அடியில் பட்டி தடவியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பிளாஸ்டிக் பாகத்தில் எப்படியும் ஒட்டாது.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்பிவிடாதீர்கள். நாற்பதாயிரம் ஓடிய வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்காது. டயரின் வயதையும் பாருங்கள். அதன் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரித்தது.

படி 6: ஓட்டிப் பாருங்கள்

அரை மணி நேரமாவது, ஏ.சி. போட்டு, நெரிசலிலும் ஒரு மேட்டிலும். மேடேறும்போது இன்ஜின் சத்தம் கூடியும் வேகம் கூடவில்லையென்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது 'டக் டக்' கேட்டால் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. இவை இரண்டும் சரிசெய்யக் கூடியவைதான், ஆனால் விலையில் கழிய வேண்டும். சூடு முள் நடுவைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் பேச்சே வேண்டாம்.

இதெல்லாம் தேறிய பிறகு உங்கள் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவர் நேரத்துக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிடுங்கள். விற்பவரிடம் கமிஷன் வாங்காத மெக்கானிக் உங்களுக்காக மட்டுமே பேசுவார்.

படி 7: பெயர் மாற்றம்

படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், அசல் ஆர்.சி. எல்லாம் கைக்கு வர வேண்டும். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் இருப்பவர் வேறு, விற்பவர் வேறு என்றால் அந்த உரிமையாளரை நேரில் பார்க்காமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

"பெயர் அப்புறம் மாத்திக்கலாம்" என்று விற்பவர் சொன்னால், விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதைச் சொல்லுங்கள். அவரே முன்னால் வந்து நிற்பார். விலையில் ஐயாயிரமோ பத்தாயிரமோ பெயர் மாறிய பிறகு தருவதாக எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த வாரமே இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றிவிடுங்கள். 800 சிசி ஆல்ட்டோவிலும் பழைய சான்ட்ரோவிலும் இன்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை உண்டு. கடைசியாக எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றியதே இல்லை என்று வைத்துக்கொண்டு அதையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஒதுக்கி வைத்த நாற்பதாயிரம் இதற்குத்தான்.