நள்ளிரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் செய்ய வேண்டியவை

ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் பத்து ஆண்டுகள் நின்றபடியே வேலை பார்த்தேன். கடைசி மூன்று ஆண்டுகளில், வாரத்திற்கு இரண்டு மூன்று இரவுகளாவது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து என் உறக்கத்தைக் கலைத்துவிடும். பாதம் தானாகக் கீழ்நோக்கி மடங்கும். கெண்டைத் தசை கல்லாக இறுகும். நரம்பு இழுத்துக்கொண்டது என்று வீட்டில் சொல்வார்கள். இறுகுவது தசைதான் என்றாலும், அதை இயக்கும் நரம்பு ஓயாமல் தூண்டுவதால்தான் இறுகுகிறது என்பதால், அந்தப் பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஓர் இயன்முறை மருத்துவர் என் தவறு ஒன்றைத் திருத்திய பிறகே எனக்கு நிம்மதி கிடைத்தது. அந்தத் தவறைப் பலரும் செய்வதைப் பார்க்கிறேன் என்பதால் முறையாக எழுதி வைக்கிறேன்.

பிடிப்பு வந்தவுடன்

முதலில் போர்வையை விலக்குங்கள். அது பாதத்தை அழுத்திக்கொண்டிருந்தால் எதுவும் பலிக்காது.

இரண்டாவதாக, முழங்காலை நேராக நீட்டுங்கள். நான் தவறியது இந்த இடத்தில்தான். வலி வந்ததும் உடலைச் சுருட்டி, முழங்காலை மார்பை நோக்கி மடக்கி, இரண்டு கைகளாலும் கெண்டையைப் பிசைவதே என் வழக்கமாக இருந்தது. கால்விரல்களை மேலே இழுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு அதையும் செய்து பார்த்தேன். ஆனால் முழங்காலை மடக்கியபடியே இழுத்ததால் பயன் ஏதும் தெரியவில்லை. இயன்முறை மருத்துவர் என்னைப் படுக்கச் சொல்லி, முழங்காலின் மேல் தம் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தி, இப்போது விரல்களை உங்கள் முகத்தை நோக்கி இழுங்கள் என்றார். கெண்டைத் தசை முழுவதும் விரிவதை அப்போதுதான் முதன்முறையாக உணர்ந்தேன். காரணத்தையும் அவரே விளக்கினார். கெண்டையின் பெரிய தசை முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பின் அடிப்பகுதியில் தொடங்குகிறது. கீழே குதிகால் எலும்பில் முடிகிறது. இரண்டு மூட்டுகளைக் கடந்து செல்லும் தசை அது. எனவே முழங்கால் மடங்கியிருக்கும்வரை, பாதத்தை எவ்வளவு இழுத்தாலும் தசையின் மேல்பகுதி தளர்ந்தே கிடக்கும், முழுமையாக விரியாது.

மூன்றாவதாக, பாதத்தை முகத்தை நோக்கி மெல்ல இழுத்து, இறுக்கம் தளரும்வரை அப்படியே பிடித்திருங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம். நீடித்த இழுப்பை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் உள்ள உணரிகள் கண்டறிந்து, தசையைத் தூண்டும் நரம்பின் வேகத்தைத் தணிக்கின்றன. அதற்குச் சில வினாடிகள் பிடிக்கும் என்பதால் பாதியில் விட்டுவிடக் கூடாது. கை எட்டாதவர்கள் பாதத்தின் முன்பகுதியில் ஒரு துண்டை மாட்டி, அதன் இரு முனைகளையும் பிடித்து இழுக்கலாம். இதற்கு ஈரிழைத் துண்டைவிடச் சிறந்தது இல்லை என்பது என் அனுபவம். டர்க்கி டவல் தடிமனாக இருப்பதால் நழுவுகிறது; கடைகளில் விற்கும் ரப்பர் பட்டை தானே நீண்டுகொள்வதால், நாம் இழுக்கும் விசை பாதத்திற்கு முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. என் தலையணைக்கு அருகில் ஒரு துண்டு எப்போதும் மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

வலி குறைந்ததும் மெதுவாக எழுந்து, விளக்கைப் போட்டு, குதிகாலில் எடையை ஊன்றிச் சில அடிகள் நடங்கள். வலியின் உச்சத்தில் துள்ளி எழுந்து நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வயதானவர்கள் இருட்டில் விழ நேரிடும். பிறகு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். மறுநாளும் தசையில் நோவு இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

வராமல் தடுக்க

உறங்கப் போகும் முன் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகால்கள் தரையை விட்டு எழாமல், முழங்கால்கள் மடங்காமல் முன்னோக்கிச் சாயுங்கள். கெண்டையில் இழுப்புத் தெரியும் இடத்தில் பத்து வினாடிகள் நின்று, பின் நிமிருங்கள். மூன்று முறை செய்தால் போதும். பாதங்கள் வெளிப்புறம் திரும்பாமல் சுவரை நேராகப் பார்த்திருக்க வேண்டும். மொசைக் தரையில் சாக்ஸ் அணிந்து செய்யாதீர்கள், வழுக்கும்.

நெதர்லாந்தில் 55 வயதைக் கடந்த 80 பேரிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், இரவுதோறும் கெண்டையையும் பின்தொடையையும் இவ்வாறு நீட்டியவர்களுக்கு ஆறு வாரங்களில் பிடிப்புகள் குறைந்தன. அதற்கு முன் 2005இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில் நீட்டல் பயிற்சியால் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஐந்தாவது வாரத்தில்தான் மாற்றம் தெரிந்தது. எனவே நான்கு நாள்களில் கைவிட வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

படுக்கும் முறையும் முக்கியம். கொசுவுக்கு அஞ்சிப் போர்வையைக் காலடியில் இறுகச் செருகினால், பாதம் இரவு முழுவதும் கீழ்நோக்கி அழுந்தி, தசை சுருங்கிய நிலையிலேயே கிடக்கும். போர்வையைத் தளர்வாக விடுங்கள்.

மாத்திரைகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. மக்னீசியம் மாத்திரையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் முதியவர்களின் பிடிப்பை அது குறிப்பிடத்தக்க அளவில் தடுக்க வாய்ப்பில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2020இல் கூறியது. முற்காலத்தில் இதற்குக் கொடுத்த கொய்னா (குயினைன்) என்ற மலேரியா மாத்திரையைத் தாமாக வாங்கி உட்கொள்வது ஆபத்தானது. இரத்தத் தட்டணுக்களைக் குறைத்து, இதயத் துடிப்பையும் குலைக்கக்கூடியது என்பதால், கால் பிடிப்புக்காக அது கடைகளில் நேரடியாக விற்கப்படுவதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1994லேயே நிறுத்தியது.

நாள் முழுவதும் நிற்பவர்களுக்கு ஒரு சொல். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காரக் கூச்சப்படாதீர்கள். கழிப்பறை தொலைவில் இருக்கிறது என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதையும் விட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பின்

ஒருவர், தம் அம்மாவுக்கு இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை தொடங்கிய பிறகு பிடிப்பு அதிகமாயிற்று என்று எழுதியிருந்தார். அந்த வகை மருந்துகளோடும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்துகளோடும் கால் பிடிப்புக்குத் தொடர்பு இருக்கலாம். மருந்தைத் தாமாக நிறுத்தாமல், தொடங்கிய தேதியைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுவதே சரி. கருவுற்ற பெண்களுக்குக் கடைசி மாதங்களில் பிடிப்பு வருவது இயல்பு. துண்டால் இழுக்கும் முறை அவர்களுக்கும் பொருந்தும், சாய்ந்து உட்கார்ந்து செய்யலாம்.

இன்னொருவர், மூன்று நாள்களாக விடாத வலிக்கு எண்ணெய் தேய்த்து அழுத்திவிடலாமா என்று கேட்டார். தசைப் பிடிப்பு சில வினாடிகளில் அல்லது சில நிமிடங்களில் விட்டுவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடேறி, சிவந்து, வலி நீடித்தால் அது இரத்தநாளத்தில் கட்டிய உறைவாக இருக்கக்கூடும். அந்தக் காலைப் பிசையக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.