அம்மா கீறித் தந்த படத்தோடு ஊர்க்காணி தேடிப் போவது எப்படி

முதல் தடவையாக யாழ்ப்பாணம் போகப் போகிறேன், என்ன ஆயத்தம் செய்ய வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: டிக்கெட் போடுவதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற மூத்த ஆளைப் பிடித்து இருத்தி, கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஊரைக் கீறச் சொல்லுங்கள். தெருப் பெயர்கள் வேண்டாம். ஒழுங்கை எங்கே திரும்பும், முடக்கில் யாருடைய வீடு, எந்த வளவில் பனை நின்றது, கிணறு வீட்டுக்கு எந்தப் பக்கம், பின் வேலிக்கு அந்தப் பக்கம் யார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பட்டப்பெயர்களையும் விடாதீர்கள், ஏனென்றால் பள்ளிக்கூட இடாப்பில் இருக்கிற பெயரைச் சொல்லி விசாரித்தால் ஊரில் ஒருவருக்கும் விளங்காது, 'கட்டையரின் பேரன்' என்றால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

கூகிள் மாப் இருக்கிறதே என்பீர்கள். எங்கள் ஊர் வலிகாமம் வடக்கு, குடாநாட்டின் வடகரையோரம். 1990 ஜூனில் போரால் சனம் இடம்பெயர்ந்தபிறகு இருபது வருடத்துக்கு மேல் அது உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவித்தார்கள், இன்னும் விடாத இடங்களும் இருக்கின்றன. வீடுகள் தரைமட்டம், ஒழுங்கைகள் பற்றைக்குள், வேலி என்று ஒன்றே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் மேலிருந்து எடுத்த படத்தை வைத்துக்கொண்டு எது உங்கள் வளவு என்று சொல்ல முடியாது. கிணறுதான் சொல்லும். வீட்டை இடித்தாலும் கிணறு பெரும்பாலும் மிஞ்சிவிடும்.

எப்போது போவது? ஐப்பசி, கார்த்திகை மழையில் போனால் காணிக்குள் கால் வைக்க ஏலாது. சித்திரை வெய்யில் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளைக் கொன்றுவிடும். மாசி, பங்குனி நல்லது. நல்லூர்த் திருவிழா பார்க்க வேண்டுமென்றால் ஆடி, ஆவணியில் வரும் அந்த 25 நாட்களைக் கணக்குப் பார்த்து அறையை மாதக்கணக்கில் முந்திப் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் ரொறன்ரோவும் லண்டனும் பாரிஸும் பாதி அங்கேதான் நிற்கும். ஆண்கள் கோயிலுக்குள் மேற்சட்டை கழற்ற வேண்டும் என்பதைப் பொடியன்மாருக்கு முதலே சொல்லி வையுங்கள், வாசலில் நின்று முகத்தைச் சுளிக்காமல் இருப்பார்கள்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால், நீங்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தாலும், இரட்டைக் குடியுரிமை எடுக்காதவரை ஒன்லைனில் பயண அனுமதி எடுக்க வேண்டும். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் விடிய யாழ்ப்பாணம். ரயில் 1990இல் நின்றுபோய் 2014 ஒக்டோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது, அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரை நீண்டது. முதல் தடவை என்றால் பகல் ரயிலிலோ, வான் பிடித்து ஏ9 வீதியாலோ போங்கள், குடாநாட்டுக்குத் தெற்கே கிடக்கிற வன்னியை இரவில் நித்திரையில் கடந்துவிடாதீர்கள். குடாநாட்டின் வாசலான, பெரிய சண்டைகள் நடந்த ஆனையிறவில் கடல்நீரேரி இரண்டு பக்கமும் விரியும்போது உங்களோடு வருகிற பெரியவர்கள் திடீரென்று கதையை நிறுத்திவிடுவார்கள். அப்போது ஒன்றும் கேட்காதீர்கள். சென்னையிலிருந்து நேரே வர விரும்பினால் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலிக்கு விமானம் இருக்கிறது, நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023இல் தொடங்கியது, ஆனால் அது இடையிடையே நிற்கும், ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

போய் இறங்கிய அன்றைக்கே காணியைப் பார்க்க ஓடாதீர்கள். நான் ஓடினேன். ஓட்டோக்கார அண்ணையையும் அம்மாவின் படத்தையும் நம்பி, உச்சி வெய்யிலில், செருப்போடு. இரண்டு மணித்தியாலம் வேறு ஆரோ ஒருவருடைய காணிக்குள் நின்று உருகி உருகிப் படம் எடுத்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் செய்ததைத்தான் முதல்நாளே செய்திருக்க வேண்டும்: கிராம சேவகரைப் போய்ப் பார்த்து, மீளக்குடியேறிய ஊராக்களில் வயது போன ஒருவரைக் கேட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு போவது. அந்த ஐயா படத்தை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "நீர் ஆற்றை மோன்?" என்று மட்டும் கேட்டார். அம்மப்பாவின் பெயரைச் சொன்னேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு முன்னால் போனார்.

காணிக்குள் போவதற்கு நல்ல சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் வேண்டும். பாம்பு ஒரு பக்கம், பற்றை மூடிய கட்டுக் கிணறு இன்னொரு பக்கம். கட்டு உடைந்த கிணறு காலடிக்கு வரும்வரை தெரியாது, ஆகவே பிள்ளைகளைக் கையில் பிடியுங்கள். மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதோடு நில்லுங்கள், 'மாடு மேயுதுதானே' என்று யாராவது சொன்னாலும் தாண்டாதீர்கள். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் நடந்தது. அகற்றி முடிந்த காணியிலும் இனந்தெரியாத இரும்புத் துண்டைக் காலால் தட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

உங்கள் வீட்டில் வேறு ஆட்கள் இருந்தால்? இது அடிக்கடி நடக்கும். அவர்களும் எங்கேயோ இருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களாக இருப்பார்கள், சிலவேளை உங்கள் கூரை இன்னும் நிற்பதற்கே அவர்கள்தான் காரணம். படலையில் நின்று கூப்பிட்டு, யாரென்று சொல்லி, உள்ளே வரலாமா என்று கேளுங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். காணிக் கதையை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

அந்தக் கதைக்கு வேறு இடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து உறுதிகளில், அதாவது காணிப் பத்திரங்களில், காணிக்கு ஒரு பெயர், பரப்புக் கணக்கு, நாலு எல்லையிலும் யார் யாருடைய காணி என்றெல்லாம் எழுதியிருக்கும். 16 பரப்பு ஒரு ஏக்கர். உறுதி தொலைந்திருந்தால் பதற வேண்டாம், இலக்கமும் அதை எழுதிய நொத்தாரிசின் (பத்திரம் எழுதும் சட்டத்தரணியின்) பெயரும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க வழி உண்டு, ஆகவே பழைய டயரி, கடிதம் எல்லாம் கிளறிப் பாருங்கள். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளின் பிரதிகளையும் கொண்டுபோங்கள். பத்து வருடம் ஒருவர் எதிர்ப்பில்லாமல் ஆண்டால் காணிக்கு உரிமை கோரலாம் என்ற சட்டம் அங்கே இருக்கிறது, போரால் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் அதற்கு ஒரு விசேட சட்டமும் வந்தது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை அங்கேயுள்ள சட்டத்தரணியிடம் கேளுங்கள், சித்தப்பாவிடம் கேட்காதீர்கள். பங்குக் காணியென்றால் யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு, அதை மறந்து விற்கப் போய் வழக்கில் மாட்டியவர்கள் பலர். இன்னொன்று, விடுமுறை முடிகிற அவசரத்தில் உங்கள் பெயரில் மற்றவர் காணி விஷயம் பார்க்க அதிகாரம் கொடுக்கிற அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் விமானம் ஏறுவதற்கு முதல்நாள் கையெழுத்து வைத்தார். காணியும் போய், அந்தச் சொந்தமும் போச்சு.

சனத்தோடு பழகுவதைப்பற்றி. சொக்லேட்டும் சோப்பும் கொண்டுபோவதில் பிழையில்லை, ஆனால் ஒழுங்கை முழுக்கக் கமராவைத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள். 'நீங்கள் அந்த நேரம் எங்கே நின்றீர்கள்' என்று நீங்களாகக் கேட்கக் கூடாது, அவர்கள் சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரம் உட்காரத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் பலர் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரியாமலே செத்துப்போனார்கள். அந்த மண்ணில் 'இப்ப எல்லாம் நல்லாத்தானே இருக்கு, ரோடெல்லாம் கார்ப்பெட்' என்று சொல்வதற்கு முன்னால் நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். அதே நேரம் எல்லாரையும் பாவமாகவும் பார்க்காதீர்கள், தோட்டத்தில் வெங்காயம் நடுகிற மனிசனுக்கு உங்கள் இரக்கத்தைவிட வெங்காய விலை முக்கியம்.

தாய் தகப்பன் வெளிநாட்டில் செத்திருந்தால் பிதிர்க்கடன் செய்யக் கீரிமலைக்குப் போங்கள். கடலோரத்தில் நன்னீர்க் கேணி, பக்கத்தில் நகுலேஸ்வரம். ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் வரும், சாதாரண நாளிலும் ஐயர்மார் இருப்பார்கள். மாற்றுடுப்பு கொண்டுபோங்கள்.

காணியில் நிற்கும்போது வீட்டுக்குப் போன் எடுங்கள், அங்கே நடுச்சாமம் என்றாலும் பரவாயில்லை, எழுப்புங்கள். எங்கள் கிணற்றுக் கட்டில் பாசியைச் சுரண்டியபோது சீமெந்தில் விரலால் எழுதிய 1964 வெளியே வந்தது. வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். படத்தில் கிணற்றை வீட்டுக்குக் கிழக்கே கீறியிருந்தா, கிடந்ததோ மேற்கே. சொன்னேன். "அப்ப நீ வீட்டைத்தான் மாறிப் பார்க்கிறாய்" என்றா. பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டா, பின் வளவு மாமரம் இன்னும் எங்கட பக்கம்தான் சாய்ஞ்சு நிக்குதா என்று.