காட்டன் நூல்ல ரவுண்ட் யோக் டி-ஷர்ட், கழுத்துல இருந்து கீழ பின்னுறது எப்படி

ரவுண்ட் யோக்னா கழுத்தைச் சுத்தி தோள் வரைக்கும் வட்டமா வர்ற மேல் பாகம். அதைச் சொன்னாலே ஐஸ்லாந்து கம்பளி ஸ்வெட்டர்தான் ஞாபகம் வரும், லோபபேசான்னு சொல்வாங்களே, கழுத்தைச் சுத்தி கலர் கலரா டிசைன் இருக்கும். அதே வடிவத்தைக் காட்டன்ல, கலருக்குப் பதிலா ஓட்டை டிசைன் வச்சு அரைக்கையா பின்னினா வெயிலுக்கு நல்லா இருக்கும். மேலிருந்து பின்னுறதால நடுவுலயே போட்டுப் பாத்துக்கலாம்.

டிகே தடிமன் (ரொம்ப மெலிசும் இல்லாம தடியும் இல்லாம இருக்குறது) காட்டன் நூல் ஒரு 500 கிராம், 4 மிமீ சர்குலர் ஊசி (ரெண்டு ஊசியை வயரால சேத்தது), கழுத்துப் பட்டைக்கு 3.5 மிமீ. முதல்ல சாம்பிள் பின்னுங்க, அதையும் வட்டமாவே பின்னி, துவைச்சு காய வச்சு அப்புறம் அளங்க, ஏன்னா காட்டன் துவைச்சா அளவு மாறும், போதாக்குறைக்கு சொந்த வெயிட்லயே கீழ இழுக்கும். 4 இஞ்சுக்கு 22 ஸ்டிட்ச் வந்தா கீழ உள்ள கணக்கு அப்படியே செட் ஆகும், மார்புச் சுத்தளவு 38 இஞ்சுக்குக் கொஞ்சம் மேல வரும்.

120 ஸ்டிட்ச் போட்டு வட்டமா சேருங்க. லூசா போடுங்க, தலை நுழையணும்ல. ஒரு இஞ்ச் ரிப் (நிட்டும் பர்லும் மாறி மாறி வர்ற, இழுபடுற பட்டை). அப்புறம் பின்கழுத்துல மட்டும் ஷார்ட் ரோ (சுத்து முழுசா போகாம பாதியில திரும்பி வர்ற வரிசை) நாலஞ்சு போடுங்க, நிறைய பேர் இதை விட்டுடறாங்க, விட்டா முன்கழுத்து தொண்டையில வந்து இடிக்கும்.

இப்ப யோக். விஷயமே இதுலதான் இருக்கு. ராக்லான் (கழுத்துல இருந்து அக்குளுக்குச் சாய்வா கோடு வர்ற டிசைன்) மாதிரி நாலு கோட்டுல ஸ்டிட்ச் ஏத்தாம, மொத்தமா மூணே சுத்துல ஏத்துறோம். ரிப்பும் ஷார்ட் ரோவும் முடிஞ்சதும் 3 ஸ்டிட்ச்சுக்கு ஒண்ணு ஏத்தினா 160. கழுத்துல இருந்து மூணரை இஞ்ச் வந்ததும் 2-க்கு ஒண்ணு, 240. ஆறு இஞ்ச்ல மறுபடி 3-க்கு ஒண்ணு, 320. ஏத்துறதை யார்ன் ஓவராவே (ஊசி மேல நூலைச் சுத்தி புது ஸ்டிட்ச் ஆக்குறது) போட்டுட்டா அந்தச் சுத்தே ஓட்டை வரிசையாயிடும், தனியா மறைக்க வேண்டியதில்ல. மூணு எண்ணிக்கையும் 8-ல வகுபடும், அதனால 8 ஸ்டிட்ச்சுக்கு ஒரு தடவை திரும்ப வர்ற எந்த லேஸும் (ஓட்டை டிசைனும்) நடுவுல உக்காரும், இலை டிசைன்னா ரொம்ப அழகு. ஆனா லேஸ் சுத்துல ஒவ்வொரு யார்ன் ஓவருக்கும் ரெண்டை ஒண்ணா சேக்குறது ஒண்ணு கண்டிப்பா இருக்கணும், இல்லன்னா எண்ணிக்கை எகிறிடும், ரிப்பீட்டுக்கு ஒரு மார்க்கர் மாட்டி வச்சா எங்க தப்புனு உடனே தெரியும்.

எட்டு, எட்டரை இஞ்ச்ல பிரிக்கணும். முன்னாடி 96, பின்னாடி 96, கைக்கு 64 64. கை ஸ்டிட்ச்சை வேற நூல்ல கோத்து விட்டுட்டு அக்குளுக்கு ரெண்டு பக்கமும் 10 புதுசா போட்டா உடம்பு 212. இங்க ஒரு தடவை போட்டுப் பாருங்க, அக்குள் பிடிச்சா பிரிச்சுட்டு இன்னும் நாலு சுத்து பின்னிட்டு வாங்க. அப்புறம் வேணுங்கிற நீளத்துக்கு ப்ளெயினா ஓட்டி, கடைசியில ஒரு இஞ்ச் ரிப், லூசா மூடுங்க. துவைச்சா நீளும்னு சாம்பிள்ல தெரிஞ்சா கொஞ்சம் முன்னாடியே நிறுத்திக்கோங்க.

கைக்கு அந்த 64-ஓட அக்குள்ல 10 எடுத்து 74, மூலைக்கு ஒண்ணு கூடுதலா எடுத்து அடுத்த சுத்துல சேத்துட்டா அங்க ஓட்டை விழாது. மேஜிக் லூப்ல (நீளமான சர்குலர் ஊசியோட வயரை வளையமா வெளிய இழுத்து சின்ன வட்டம் பின்னுற முறை) ரெண்டு இஞ்ச் பின்னி மூடிடலாம். துவைச்சு தட்டையா காய வைங்க, கொடியில மட்டும் தொங்க விட்டுடாதீங்க.