தாராவியில் இருந்தபடியே பத்தாவது முடிக்க

படிப்பை நிறுத்திய பிள்ளையின் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அஞ்சு பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம். 1989-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸில், 14 வயது நிறைந்தால் பத்தாவதுக்குப் பதியலாம். பதிவு 5 வருஷம் செல்லும். அதற்குள் 9 தடவை தேர்வு எழுத வாய்ப்பு உண்டு. தேறிய பாடம் கணக்கில் நிற்கும். ஏப்ரலில் ரெண்டு, அக்டோபரில் ரெண்டு என்று எழுதினால் போதும்.

எந்தப் பாடம் எடுப்பது என்பதில் அவசரம் வேண்டாம். ஒரு மொழிப்பாடம் கட்டாயம்; தமிழே எடுக்கலாம். அறிவியலுக்கும் மனையியலுக்கும் செய்முறைத் தேர்வு உண்டு, அதற்கு மையத்துக்குப் போய்வர வேண்டும். வேலைக்குப் போகும் பிள்ளை சமூக அறிவியல், வணிகவியல் பக்கம் போனால் அலைச்சல் குறையும் என்பது என் எண்ணம்.

அப்புறம் நேரம். தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, விடியுமுன் அம்மாவோடு இட்லி அவிக்கிறாள். ராத்திரி அண்ணன் வந்தால்தான் போன் கையில் கிடைக்கும். அதனால் ராத்திரி புத்தகத்தின் பிடிஎஃப்பை என்.ஐ.ஓ.எஸ். இணையதளத்தில் இருந்து இறக்கி வைக்கிறாள். ஒவ்வொரு பாடமாக ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறாள். மத்தியானம் பாத்திரம் கழுவி முடிந்ததும் படிப்பு. நெட் தேவையில்லை.

அந்தப் புத்தகங்கள் வாத்தியார் இல்லாமல் படிப்பதற்கென்றே எழுதியவை. ரெண்டு மூணு பக்கத்துக்கு ஒரு தடவை சின்னக் கேள்விகள் வரும், விடை பாடத்தின் கடைசியில் இருக்கும். அவள் அந்தக் கடைசிப் பக்கத்தைத் தனியாக எடுத்து மடித்து வைத்துவிடுகிறாள். புத்தகத்தை மூடி, பழைய பில் தாளின் பின்பக்கத்தில் பதிலை எழுதி, பிறகுதான் பிரித்துப் பார்க்கிறாள். தப்பான கேள்விக்கு ஓரத்தில் ஒரு புள்ளி. மறுநாள் அந்தப் புள்ளியில் இருந்துதான் ஆரம்பம். வாசித்துக்கொண்டே போகும் பிள்ளையைவிட இப்படி எழுதிப் பார்க்கும் பிள்ளைக்குத்தான் நிற்கிறது, தினமும் பார்க்கிறேன்.

வீட்டிலேயே எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புகளை, டி.எம்.ஏ. என்பார்களே, அவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். 20 சதவீத மதிப்பு அதற்கு. புத்தகத்தைப் பார்த்தே நிதானமாக எழுதலாம். படிப்பு மையத்தில் நேர்வகுப்பு நடந்தால், புள்ளி வைத்த கேள்விகளோடு போகச் சொல்லுங்கள். அங்கே கேட்க வேண்டியது அவைதான்.

பதிவு செய்யும்போது பெயரை ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். ஓடிபி எல்லாம் போனுக்குத்தான் வரும். ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போகிற சிம்மைக் கொடுக்காமல், அம்மாவோ அண்ணனோ விடாமல் வைத்திருக்கும் நம்பரைக் கொடுங்கள்.